மேசைமேல் ஒரு சுழல்தட்டு

ஏலத்தோட்டத்து லயங்களில் நம்மவர் வாழும் வீடு எத்தகையது என்பதை வாசக அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அவ்வறையில் ஒரு மேசை. காலையில் வேலைக்குப் புறப்படுவோர் சோற்றுத் தூக்கை வைப்பது அதன்மேல்தான். மாலையில் பிள்ளைகள் படிப்பதும் அதன்மேல்தான்.

சில மாதங்களுக்கு முன் வண்டன்மேட்டில் ஓர் அன்பர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவருடைய மகள் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் படிப்பவள். மேசையருகே அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டியார் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். தாயார் ஊசிநூலைத் தேடினார். தகப்பனார் சம்பளச் சீட்டைத் தேடினார். ஒவ்வொரு முறையும் அவள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஒரு மணி நேரத்தில் ஆறு முறை எழுந்தவள், முடிவில் புத்தகத்தை மூடிவிட்டாள். "மேசை சிறியது" என்று தகப்பனார் வருந்தினார். மேசை போதுமானதே, சாமான்கள் பரந்து கிடந்ததே குறை என்று நமக்குத் தோன்றியது.

நாம் வேலை பார்க்கும் ரயில்வே அலுவலகத்தில் ரப்பர் முத்திரைகளைத் தொங்கவிடும் தாங்கி ஒன்று உண்டு. ஒரு சாண் இடத்தில் பத்து முத்திரைகள் அடங்கும். வேண்டியதை எழுந்து தேடுவதில்லை. ஒரு விரலால் சுழற்றினால் அது நம் பக்கம் வந்து நிற்கும். இதையே ஏன் வீட்டுக்குச் செய்தல் கூடாது?

இஃது ஒன்றும் புதுமையன்று. நம் திருகைக் கல்லும் குயவர் சக்கரமும் நடு முளையைச் சுற்றியே சுழல்கின்றன. சீனத்தில் வாங் சென் என்பவர் 1313-ஆம் ஆண்டில் எழுதிய வேளாண்மை நூலில், அச்செழுத்துகளை அடுக்கிய சுழல் மேசைகளை விவரித்திருக்கிறார். எழுத்துக் கோப்பவர் அமர்ந்தபடியே மேசையைச் சுழற்றி வேண்டியதை எடுப்பார். பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் ஊ லியென் தே, மஞ்சூரியாவில் 1910–11-இல் பரவிய கொள்ளை நோயை அடக்கிப் புகழ் பெற்றவர். பலர் ஒரே பாத்திரத்தில் தத்தம் குச்சியை இடுவதால் நோய் தொற்றாதிருக்க, உணவு மேசையில் சுழல்தட்டு வைக்கும்படி 1915-இல் அவர் எடுத்துரைத்தார்.

நிற்க. செய்முறைக்கு வருவோம். முதலில் நாம் ஒரு பலகையின் நடுவே ஆணி அறைந்து அதன்மேல் தட்டைச் சுழலவிட்டோம். பாரம் முழுவதும் ஒரே புள்ளியில் நின்றமையால் தட்டு சாய்ந்து, பேனாக்களும் பொத்தான்களும் தரையில் உருண்டன. பாரத்தை விளிம்போரமாகப் பரப்ப வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அதற்கு உதவியது பிள்ளைகளின் கோலிக்குண்டு. உரசிச் செல்லும் பொருளைவிட உருண்டு செல்லும் பொருளுக்குத் தடை மிகக் குறைவு. சைக்கிள் சக்கரத்தினுள் இரும்புக் குண்டுகள் இருப்பதும் இதனாலேயே.

உள்ளகலம் 20 சென்டிமீட்டரும் விளிம்புயரம் 1 சென்டிமீட்டரும் உள்ள பிஸ்கோத்து டின் மூடி ஒன்றை, சற்றுப் பெரிய பலகையின்மேல் மல்லாத்திப் பதிக்க வேண்டும். அதன் நடுவில் 16 சென்டிமீட்டர் அகலமும் 12 மில்லிமீட்டர் கனமும் உள்ள வட்டப் பலகையை ஒட்டினால், சுற்றிலும் 2 சென்டிமீட்டர் பள்ளம் கிடைக்கும். அதில் 16 மில்லிமீட்டர்க் கோலிகளை வரிசையாக இட வேண்டும். ஏறக்குறைய 35 அடங்கும். மூன்றை எடுத்துவிட்டால் மற்றவை தாராளமாக உருளும். மிகக் குறைத்தாலோ, அவை ஒரு பக்கம் கூடித் தட்டைச் சாய்த்துவிடும். கோலிகள் ஒரே பருமனாக இருத்தல் அவசியம். அட்டையில் ஒரு துளை வெட்டி, அதில் நுழைத்துப் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம்.

கோலிகளின்மேல் 30 சென்டிமீட்டர் வட்டத் தட்டை வைத்து, அடிப்பலகையிலிருந்து மேல்தட்டு வரை நடுவில் இரண்டரை அங்குலப் போல்ட்டைச் செலுத்த வேண்டும். போல்ட்டின் தலை அடிப்பலகையில் குடைந்த குழியில் அமரட்டும். மேலே இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்க வேண்டும். தட்டை இறுக்கிவிடக் கூடாது. போல்ட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். தேங்காயெண்ணெய் வண்டன்மேட்டுக் குளிரில் உறைந்துவிடும். பழைய செருப்பின் ரப்பரை அடியில் ஒட்டினால் மேசையில் வழுக்காது. அட்டையில் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை: மலைநாட்டு மழைக்காலத்து ஈரத்தில் அட்டை ஊறிவிடும். மரப்பலகைக்கு வார்னிஷ் பூசுவதே நலம்.

கணுவுக்குக் கீழே அறுத்த முற்றிய மூங்கில் துண்டுகள் குவளைகளாகும். உயரமானதும் கனமானதும் நடுவில், இலேசானவை ஓரத்தில். பேனா, ஊசிநூல், மூக்குக்கண்ணாடி, சாவி, சீட்டுகள் என ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் வகுக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் மருந்து இதில் வேண்டா. தோட்டத்துப் பூச்சிமருந்தோ வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

பழம்பலகையும் டின் மூடியும் கைவசம் இருந்தமையால் நமக்கு ஆன செலவு 100 ரூபாய்க்குள் அடங்கிற்று. அதை அவ்வன்பர் வீட்டு மேசையின் ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்தோம். உணவு வேளையில் அடிப்பலகையோடு தூக்கிச் சன்னலோரம் வைத்துவிடுகிறார்கள்.

மறுமுறை சென்றபோது பாட்டியார் தாமே தட்டைச் சுழற்றிக் கண்ணாடியை எடுத்தார். பேத்தி தலை நிமிரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வீடு பெரிதாகவில்லை; எனினும் படிக்கும் பிள்ளைக்கு அவ்வீட்டில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. சங்கத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, தத்தம் லயத்தில் தேர்வெழுதும் பிள்ளை உள்ள வீட்டுக்கு முதலில் ஒன்று செய்து கொடுப்பார்களாக.