வடகடல் ஓரத்தில் மதராஸின் பெயர்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபைஃப் என்னும் வட்டாரத்தில், வடகடலை நோக்கி நிற்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறு நகரம். அதன் பழைய வீதிகளை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்திலேயே ஆயுளைக் கழித்த நான், ஓய்வு பெற்றபின் அந்நகரை நாடிச் சென்றதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லுமுன், நேயர்களே, எல்லோரும் காண்பவற்றை நாமும் காண்போம்.

வடக்கு வீதி, சந்தை வீதி, தெற்கு வீதி என்னும் மூன்று வீதிகளும் கிழக்கே சென்று பேராலயத்தை நோக்கிக் குவிகின்றன. ஏசுநாதரின் சீடரான அந்திரேயாவின் எலும்புகள் இங்கு இருப்பதாக நம்பி, இடைக்காலத்தில் யாத்திரிகர் திரண்டனர். அவர்கள் நடந்த வழிகளே இவ்வீதிகள். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஆலயப் பணி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1318ஆம் ஆண்டில், ராபர்ட் புரூஸ் மன்னன் முன்னிலையில் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் அதனினும் பெரிய தேவாலயம் இருந்ததில்லை. 1559இல் சமயச் சீர்திருத்தப் புயல் வீசியது. ஆலயம் சூறையாடப்பட்டது, பின்னர் ஊரார் அதன் கற்களைப் பெயர்த்துத் தம் வீடுகளுக்குக் கொண்டுபோயினர். இன்று எஞ்சியிருப்பவை சில சுவர்களும், 33 மீட்டர் உயரமுள்ள புனித ரூல் கோபுரமுமே.

அருகே, கடற்பாறைமீது ஆயர்களின் கோட்டை சிதைந்து கிடக்கிறது. 1546இல் ஜார்ஜ் விஷார்ட் என்னும் சீர்திருத்தப் போதகரை கார்டினல் பீட்டன் இக்கோட்டை முன்பு எரிப்பித்தார். அதே ஆண்டில் எதிரிகள் கோட்டைக்குள் நுழைந்து பீட்டனைக் கொன்றனர். அவர்களை வெளியேற்ற முற்றுகையிட்டோர் பாறையைக் குடைந்து சுரங்கம் தோண்ட, உள்ளிருந்தோர் எதிர்ச்சுரங்கம் தோண்டி அவர்களை வழிமறித்தனர். அவ்விரு சுரங்கங்களும் இன்றும் உள்ளன. மனிதர் ஒருவரையொருவர் அழிக்க எத்துணை உழைத்தார்கள் என்பதற்கு அவையே சாட்சி.

நகரின் மேற்கே பரந்த மணற்கரை. அதையொட்டிப் பழைய கோல்ப் மைதானம். ஓர் ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழிகள் என்னும் வழக்கம் 1764இல் இங்குத் தோன்றியதே. ஞாயிற்றுக்கிழமைகளில் இம்மைதானத்தில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊரார் பொதுப் பூங்காவைப்போல் அதில் உலாவுகின்றனர். 1413இல் போப்பாண்டவரின் ஆணை பெற்ற பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்தில் மிகப் பழமையானது.

இனி நான் தேடிச் சென்றதற்கு வருகிறேன். தெற்கு வீதியில், இடிந்த துறவிமடக் கோயில் ஒன்றின் பின்னே, அழகிய கல்கட்டடம் ஒன்று நிற்கிறது. அதில் 1833இல் தொடங்கிய பள்ளியின் பெயர் மதராஸ் கல்லூரி! 2021இல் பள்ளி ஊரின் மேற்கு ஓரத்துக்கு இடம் மாறியது, பெயர் மாறவில்லை. நம் சென்னையின் பழம்பெயர் அங்கே சென்றது எங்ஙனம்?

ஆண்ட்ரூ பெல் 1753இல் இந்நகரில், முடிதிருத்துவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1787இல் இந்தியா வந்து, 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் காலை குதிரைமீது செல்கையில், சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதை 'மலபார் பள்ளி' என்று குறித்தார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைப்பதுண்டு. ஆதலின் அவர் கண்டது நம் திண்ணைப் பள்ளியாகவே இருத்தல் கூடும்.

அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தச் சொன்னபோது, உதவி ஆசிரியர் இணங்கவில்லை. பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் வெற்றி கண்டான். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறை, 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் பரவி, 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. அதில் மனப்பாடம் மிகுதி என்பது மெய்யே. பயிற்சி பெற்ற ஆசிரியர் பெருகப் பெருக அது மறைந்தது. 1832இல் காலமான பெல்லின் செல்வத்தால் பிறந்த ஊரில் அப்பள்ளி எழுந்தது.

என் பாட்டனார் மணலில் விரலூன்றி எழுதப் பயின்றவர், சட்டாம்பிள்ளையாகவும் இருந்தவர். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம், ஆசிரியப் பயிற்சி பெற்ற செருக்கில் நான் சிரித்ததுண்டு. பின்னர், நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுவன் பின்தங்கிய தோழனுக்குத் தரையில் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். வகுப்பில் பேசுகிறான் என்று அதட்டி, அவனை வேறிடத்தில் உட்கார வைத்தேன். தெற்கு வீதியில் நின்றபோது அவன் முகமே என் கண்முன் வந்தது.

பெல்லின் பெயர் நிலைத்தது. மணலில் எழுதுவித்த வாத்தியாரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அந்நகரில் பகைமை விட்டுச்சென்றது இடிபாடுகள். பிறரிடம் கற்கும் பணிவு விட்டுச்சென்றது ஒரு பள்ளி. அங்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் கோபுரத்தையும் கோட்டையையும் காணட்டும். அப்பள்ளியின் வாயிலிலும் சற்று நிற்கட்டும். செல்ல இயலாதோர், அடுத்தமுறை வகுப்பில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக் கண்டால், அதட்டாமல் அப்பால் செல்லட்டும்.