மறதிநோய் வந்த வீட்டுக்கு மனநல ஆலோசகர் எதற்கு?



“அப்பாவுக்கு அல்சைமர் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்து நாங்கள் என்ன செய்வது?” மறதிநோய் நுழைந்த வீடுகளில் எல்லாம் எழுகின்ற கேள்வி இது. மருந்து சில அறிகுறிகளைச் சில காலம் தணிக்கலாம். நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அப்படியிருக்க, நோய் கண்டவரும் அவரைக் கவனிப்பவரும் தங்கள் பயத்தையும் கோபத்தையும் துக்கத்தையும் யாரிடம் கொண்டு போவது? அதற்கு உதவக்கூடியவர்தான் மனநல ஆலோசகர். சிங்கப்பூரில் அவரை எப்போது, எங்கே, எப்படித் தேடுவது என்பதுதான் இன்றைய தலைப்பு.

நம்மில் எத்தனை பேருக்கு?

ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் இந்த நோயை முதன்முதலாக மருத்துவர்கள் கூட்டத்தில் விளக்கினார். மறதிநோய் என்ற குடையின்கீழ் வரும் பல நோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். சிங்கப்பூரில் மனநலக் கழகம் 2013இல் நடத்திய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மறதிநோய் இருப்பது தெரிந்தது. 2023இல் செய்த ஆய்வில் அந்த விகிதம் 8.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆனால் மூத்தோர் தொகை கூடிவிட்டதால், நோயுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். அவர்களில் பாதிப் பேர் சிகிச்சைக்கே வராதவர்கள்.

வராததற்குக் காரணங்கள் பல. “வயதானால் மறதி வரத்தானே செய்யும்” என்பது ஒன்று. “மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்கள்” என்பது இன்னொன்று. “வீட்டு விஷயத்தை வெளியாரிடம் சொல்வதா?” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் மூன்றாவது.

ஆலோசகர் என்ன செய்வார்?

போன ஞாபகத்தை அவரால் திருப்பித் தர முடியாது. அந்த எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவருடைய வேலை வேறு.

நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்குத் தமக்கு என்ன நடக்கிறது என்று நன்றாகவே தெரியும். நாற்பது ஆண்டு கணக்கு வழக்குப் பார்த்தவருக்கு இன்று மீதிச் சில்லறையை எண்ணத் தெரியவில்லை. வீட்டுச் சமையலறையை ஆண்ட அம்மாவை இப்போது அடுப்பருகே விடுவதில்லை. வெட்கத்தால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் மனச்சோர்வில் விழுகிறார்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. அது குறைந்தால் அவர் பேச்சும் சாப்பாடும் உறக்கமும் மேம்படலாம். கார் ஓட்டுவதை விடுவது, வங்கிக் கணக்கை மகனிடம் ஒப்படைப்பது போன்ற மாற்றங்களை அவமானமாக எண்ணாமல் ஏற்கவும் ஆலோசகர் துணை நிற்பார்.

கவனிப்பவரின் துன்பம் வேறு வகை. கணவர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஐம்பது ஆண்டு பேசிப் பழகிய அந்த மனிதர் அங்கே இல்லை. இறந்துவிட்டால் அழலாம், ஊர் கூடி ஆறுதல் சொல்லும். உயிரோடு இருப்பவருக்காக எப்படி அழுவது? அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இதைத் “தெளிவற்ற இழப்பு” என்று குறிப்பிட்டார். பெயர் தெரியாத இந்தத் துக்கம் எரிச்சலாக வெளிப்படும். பிறகு “பெற்ற தாயிடமே கத்திவிட்டேனே” என்ற குற்றவுணர்ச்சியாகத் திரும்பும். இதைப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும்.

பேசுவதால் பயன் உண்டா?

உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில், அல்சைமர் நோயாளிகளைக் கவனித்துவந்த 406 கணவன், மனைவியரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தனியாக இரண்டு முறையும் குடும்பத்தோடு நான்கு முறையும் ஆலோசனை தரப்பட்டது. பிறகு ஆதரவுக் குழுவும், தேவைப்படும்போது தொலைபேசி ஆலோசனையும் கிடைத்தன. 2006இல் வெளிவந்த முடிவின்படி, அந்தப் பிரிவில் நோயாளியைத் தாதிமை இல்லத்தில் சேர்க்கும் நாள் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு! பிரிட்டனிலும் கவனிப்பவர்களுக்கு எட்டு அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாக 2013இல் அறிவித்தார்கள்.

நியூயார்க் ஆய்வில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆறு அமர்வுகளில் நான்கு, குடும்பம் முழுவதற்கும். நம் வீடுகளில் இதுதான் மிகவும் தேவை. அம்மா யார் வீட்டில் இருக்கிறாரோ அந்த மகளோ மருமகளோதான் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் விழித்திருப்பது எல்லாம். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்த ஒரு மணி நேரம் அம்மா தெளிவாகப் பேசிவிட்டால், “நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெரிசுபடுத்துறே” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நோயைவிட இந்தச் சொல் சுடும். எல்லாரையும் உட்காரவைத்து, யார் எந்த நாளில் வருவது, யார் செலவைப் பங்கிடுவது என்று பேசவைக்க, யார் பக்கமும் சாராத ஒருவர் வேண்டும். சகோதரர்களுக்குள் சண்டை முற்றிய பிறகு தேடுவதைவிட முன்பே தேடுவது நல்லது.

சீக்கிரம் போவது ஏன்?

தொடக்கக் காலத்தில்தான் நோய் கண்டவர் தம் விருப்பத்தைத் தாமே சொல்ல முடியும். யாருடன் இருக்க விரும்புகிறார், தாதிமை இல்லம் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை இப்போதே கேட்டு வைக்கலாம். 2010இல் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டத்தின்கீழ், தமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தையும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கும்போதுதான் செய்ய முடியும். காலம் கடந்துவிட்டால் குடும்பம் நீதிமன்றத்தை நாட நேரிடும்.

எங்கே தொடங்குவது?

முதலில் பலதுறை மருந்தகம் அல்லது உங்கள் குடும்ப மருத்துவர். மனச்சோர்வு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் மறதிபோலத் தோன்றலாம். ஆகவே பரிசோதனை முந்த வேண்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனையின் நினைவாற்றல் மருந்தகத்துக்கு அனுப்புவார்கள். அங்குள்ள மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். ஆலோசனை, பகல்நேரப் பராமரிப்பு, நிதியுதவி ஆகியவற்றுக்கு வழி காட்டுபவர் அவர்தான்.

1990இல் அல்சைமர் நோய்ச் சங்கமாகத் தொடங்கி, 2021இல் பெயர் மாற்றம் கண்ட ‘டிமென்ஷியா சிங்கப்பூர்’ அமைப்பு, பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் ஆதரவுக் குழுக்களும் ஆலோசனையும் வழங்குகிறது. அதன் உதவித் தொலைபேசி எண் 6377 0700. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழைத்தால், உங்கள் வட்டாரத்தில் உள்ள சமூக மனநலக் குழுக்களைப் பற்றிக் கேட்கலாம். வீட்டுக்கு அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தையும் நாடலாம். இவற்றில் தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

மனநல மருத்துவர் என்பவர் மருந்து எழுதித் தரும் மருத்துவர். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். உளவியல் நிபுணர் மனநிலையை மதிப்பிட்டுப் பேச்சுவழி சிகிச்சை தருவார். ஆலோசகர் பேச்சின் வழியாக உதவுவார். தனியாரிடம் செல்வதாக இருந்தால், அவர் எங்கே என்ன படித்தார், எந்தத் தொழில்முறைச் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல ஆலோசகர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மேலும் ஐந்து கேள்விகள் கேளுங்கள். மறதிநோய் உள்ளவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்த அனுபவம் உண்டா? குடும்பத்தினரை ஒன்றாகவும் சந்திப்பீர்களா? வீட்டுக்கு வருவீர்களா, அல்லது தொலைபேசியில் பேசலாமா? ஓர் அமர்வுக்கு எத்தனை வெள்ளி, உதவித்தொகை கிடைக்குமா? நாங்கள் சொல்வது யார் யாருக்குத் தெரியவரும்?

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமோ மலாயோ நழுவி, சிறுவயதில் பேசிய தமிழ் மட்டும் மிஞ்சுவது உண்டு. எனவே தமிழ் பேசும் ஆலோசகரையே முதலில் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைப்பது சரியல்ல. பேரன் முன்னிலையில் பாட்டி தம் பயத்தை எப்படிச் சொல்வார்?

சந்திப்பை அவர் தெளிவாக இருக்கும் வேளையில், பெரும்பாலும் காலையில், வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவாக இருக்கட்டும். பேசியதில் முக்கியமான இரண்டு விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரைத் தேடலாம். அதில் நன்றிகேடு ஒன்றும் இல்லை.

“எனக்கு ஒன்றுமில்லை, நான் வரமாட்டேன்” என்றால்?

இது எதிர்பார்க்க வேண்டிய பதில். சில சமயம் அது பிடிவாதமும் அல்ல. தம் குறையை உணரும் ஆற்றலையே நோய் பாதிப்பதுண்டு. வாதாடி வெல்ல முயலாதீர்கள். “எனக்கு மனசு சரியில்லைம்மா, நீங்களும் கூட வாங்க” என்று அழைத்துப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். கவனிப்பவர் ஒருவர் தேறினாலே வீட்டின் நிலை மாறும். பணிப்பெண்தான் முழுநேரமும் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவருக்கும் பயிற்சியும் ஓய்வும் தேவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

சில அறிகுறிகள் தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. பல வாரங்களாக உறக்கமில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, முதியவர்மேல் கை ஓங்கிவிட்டீர்கள் என்றால் உடனே உதவி கேளுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771 இரவு பகலாக இயங்குகிறது. நோய் கண்டவருக்கோ உங்களுக்கோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் அமைப்பை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 995.

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது நம் கடமை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தக் கடமையைத் தனியாகவே செய்து முடிக்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. உங்கள் வீட்டில் மறதியின் அறிகுறி தெரிந்தால், இந்த வாரமே பலதுறை மருந்தகத்தில் ஒரு சந்திப்புக்குப் பதிந்துகொள்ளுங்கள். நோய் முன்பே உறுதியாகிவிட்டது என்றால், மேலே சொன்ன எண்களில் ஒன்றை இன்றே அழையுங்கள்.