பழைய வீட்டில் மரத்தளம்: முதலில் ஈரம் பாருங்கள்

முன்புறம் கடை, பின்புறம் வீடு என்று வைத்திருக்கும் வில்பட்டி, கொடைக்கானல் பகுதி வணிகர்கள், குளிருக்கு அஞ்சி வீட்டில் மரத்தளம் போட விரும்புவது இயல்பே. இன்று விற்பனையாகும் ‘இன்ஜினியர்டு வுட்’ பலகையில் மேலே மெல்லிய அசல் மரமும், கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட்டும் இருக்கும். எனவே முழு மரத்தைவிட இது குறைவாகவே விரியும், சுருங்கும். ஆனால் தொடர்ந்த ஈரத்தை இதுவும் தாங்காது.

பழைய வீடுகள் பலவற்றில் தரைக்கடியில் ஈரத்தடுப்பு இல்லை. மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் மேலேறினால் பலகை உப்பும், ஓரம் தூக்கும். போட்ட பணம் வீண்.

சோதனை எளிது. ஒன்றரை அடி சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்தாலோ, தரை கறுத்தாலோ பலகை வாங்க வேண்டாம். ஈரத்தின் காரணத்தை முதலில் சரிசெய்யுங்கள். கோடையில் தரை காய்ந்து ஏமாற்றும். மழைக்காலத்தில் சோதிப்பதே நலம்.

தரை காய்ந்திருந்தால் மேடு பள்ளம் நீக்கிச் சமப்படுத்துங்கள். பலகைக் கட்டுகளை அதே அறையில் 2, 3 நாட்கள் வைத்திருங்கள். பாலிதீன் தாள், அதன்மேல் ஃபோம் விரித்துப் பலகை அடுக்குங்கள். சுவரோரம் சுமார் 10 மி.மீ. இடைவெளி அவசியம், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். பின்னர் ஈரத்துணியால் அலசித் துடைக்கக் கூடாது.

கடைப்பகுதிக்கு இது வேண்டாம். மூட்டை இழுத்தால் மேல்மரம் கீறும். அங்கே கல்தரையே போதும்.

மலைப்பூண்டு மூட்டையில் கைவிட்டு ஈரம் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். தரைக்கும் அப்படியே செய்வோம்.