பழைய சாகாவுக்கு முழங்கால் வலி!

தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு காடி நிற்கிறதென்றால் அது ஆடம்பரத்திற்காக அல்ல. நடுநிசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தாலும், முதலில் தட்டப்படும் கதவு காடி வைத்திருப்பவர் வீட்டுக் கதவுதான். ஒரு லயத்தில் ஒரு காடி இருந்தால், அது அந்த லயத்துக்கே சொந்தம்.

என் தகப்பனார் பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில், பழையதாக வாங்கிய புரோட்டோன் சாகா ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவர் காலத்துக்குப் பின் அது என் பொறுப்பாயிற்று. அதற்கு வந்த ஒரு நோயையும், அது எனக்குக் கற்றுத் தந்த பாடத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டொக்... டொக்...

செம்மண் சாலைக் குழிகளில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக், டொக்' என்று ஓர் ஓசை. முதலில் கேட்டவள் என் மனைவிதான். "என்னங்க, முன்னால ஏதோ தட்டுதே, பட்டறையில காட்டுங்க" என்றாள். பட்டணத்துப் பட்டறை ஒன்றில் காட்டினேன். ஓட்டிப் பார்க்காமலே "அப்சோர்பர் போய்விட்டது" என்று சொல்லி இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஓசை குறைந்தது. பிறகு மீண்டும் வந்தது. "பழைய காடி, அப்படித்தான் இருக்கும்" என்று நானும் மூன்று மாதம் பேசாமல் ஓட்டினேன். அதுதான் என் பிழை.

ஒரு மாலை, என் தாயாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பீடோங் பக்கம் போகையில், தோட்டச் சாலையிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பினேன். 'மடார்' என்று ஒரு சத்தம். இடது முன் சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய, காடியின் மூக்கு தரையில் உராய்ந்து நின்றது. நடை வேகத்தில் வந்ததால் பிழைத்தோம். ஐந்து நிமிடம் கழித்து, லாரிகள் பறக்கும் பெரிய சாலையில் அது நடந்திருந்தால்? நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

கழன்றது எது?

மறுநாள் காலை, தோட்டத்து டிராக்டர் பட்டறையில் நெடுங்காலம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் தம் ஸ்பானா பெட்டியோடு வந்தார். சக்கரத்தைப் பார்த்ததுமே, "தம்பி வாத்தியாரே, மாத்த வேண்டியது அப்சோர்பர் இல்ல, பால் ஜாயிண்ட். மனுசனுக்கு முழங்கால் மாதிரி அது" என்றார்.

1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமான முதல் சாகா, ஜப்பானிய மிட்சுபிஷி லான்சர் பியோரே காடியின் அமைப்பில் உருவானது. 'சாகா' என்பது, நாம் சிறுவயதில் பொறுக்கி விளையாடிய சிவப்பு மஞ்சாடி விதைக்கு மலாய்ப் பெயர். அதன் முன் சக்கரங்களைத் தாங்குவது 'மெக்பர்சன் ஸ்ட்ரட்' என்னும் ஏற்பாடு. மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1940களில் வகுத்த இந்த முறை, இன்றைக்கும் சிறிய காடிகளில் பெரும்பாலும் காணப்படுவது.

அதன் அமைப்பு எளிது. மேலே சுருள் ஸ்பிரிங்கும் அதனுள் அப்சோர்பரும் ஒரே தூணாக நிற்கும். கீழே 'லோவர் ஆர்ம்' என்னும் இரும்புக் கை சக்கரத்தைப் பிடித்திருக்கும். கையும் சக்கரமும் சேரும் இடத்தில் உள்ள உருண்டை மூட்டே பால் ஜாயிண்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். சேறும் மணலும் உள்ளே போகும். உருண்டை தேய்ந்து ஒருநாள் குழியை விட்டுக் கழன்றுவிடும்.

மாமா செய்த வேலை

முதலில் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஜேக்கியில் தூக்கியதும் சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் வைத்தார். "ஜேக்கியை நம்பி அடியில படுக்காதே, செங்கல்லையும் நம்பாதே" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே இக்கட்டுரையை எழுதலாம்.

அடுத்து, துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் தெளித்து ஊறவிட்டார். கழன்ற பக்கத்தை முடித்தபின் வலப்பக்கத்தையும் பிரித்தார். அதுவும் தேய்ந்துதான் இருந்தது. அங்கே பின்னைப் பிடுங்கி, நட்டை முழுதும் கழற்றாமல் சில புரி விட்டுவைத்தார். மூட்டு திடீரென்று விடுபட்டுக் கையில் அடிக்காதிருக்கத்தான். பிறகு மூட்டு செருகியிருக்கும் இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு போடு போட, இறுகியிருந்தது விட்டுக்கொடுத்தது. பிரேக் பாகத்தை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தார்.

ஸ்பிரிங்கை மட்டும் அவர் தொடவில்லை. அழுத்தப்பட்ட ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அதற்குரிய இறுக்கும் கருவி இல்லாமல் தூணின் நடு நட்டைக் கழற்றவே கூடாது. அது பட்டறை வேலை.

பால்மரமும் காடியும்

லோவர் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. புஷ்களுக்கு இயற்கை ரப்பரே பெரிதும் பயன்படுகிறது. விடியுமுன் நம் தாய்தந்தையர் சீவி வடித்த பால் இப்படித்தான் உலகத்துக் காடிகளின் மூட்டுகளில் மெத்தையாய் இருந்து உழைக்கிறது!

அந்த புஷ் போல்ட்டுகளைக் காடி தூக்கியிருக்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். காடியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. நட்டின் துளைக்குப் புதுப் பின்தான் போட வேண்டும். துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் சற்று இறுக்கலாமே தவிரத் தளர்த்தக் கூடாது. எல்லாம் முடிந்ததும் அலைமெண்ட் பார்த்தாக வேண்டும். இல்லையேல் புது டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

நீங்களே பார்க்கலாம்

வேலையைத் தெரிந்தவர் செய்யட்டும். சோதனையை நாமே செய்யலாம். காடியின் முன்மூலையை அழுத்திவிடுங்கள். ஓரிரு முறைக்கு மேல் ஆடினால் அப்சோர்பர் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அசைவு தெரிந்தால் பால் ஜாயிண்டோ பேரிங்கோ கெட்டிருக்கிறது. இடவலமாக ஆட்டி அசைந்தால் ஸ்டியரிங் மூட்டைப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டறைக்குப் போனால், 'எதை மாற்றுவீர்கள்?' என்று கேட்குமுன், 'ஓசை எங்கிருந்து வருகிறது, காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். நம் காடியில் ஏறுகிறவர்கள் நம் பிள்ளைகளும் பெற்றோரும் அக்கம்பக்கத்தாருமே. நம்மை நம்பி அவர்கள் ஏறுகிறார்கள். அடுத்த முறை 'டொக்' என்று கேட்டால், வானொலியின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். காடியை நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள்.