தாய் தரும் வரி

புன்னக்காயலில் கடலை நோக்கிய வீடொன்றின் முற்றத்தில் அந்திமந்தாரைச் செடியொன்றைக் கண்டோம். மாலை நான்கு மணிக்குமேல் மலர்ந்து காலையில் கூம்பும் அதே பழைய செடிதான். ஆயினும் அதில் ஒரு கிளை முழுப் பச்சை. மற்றொரு கிளை பாலில் தோய்த்தாற்போல் வெண்மை. வேறொன்றின் இலைகளில் பச்சையும் வெண்மையும் வரிவரியாய்த் தெறித்துக் கிடந்தன.

வீட்டுப் பாட்டியாரின் முகத்தில் மகிழ்ச்சியில்லை. "மூணு மகளுக்கும் ஆளுக்கொரு பிடி விதை கொடுத்தேன், ஐயா. மூத்தவள் வீட்டில் முளைச்சதெல்லாம் வெறும் பச்சை. நடுவுள்ளவள் வீட்டில் வெள்ளையா முளைச்சுச் செத்துப்போச்சு. சின்னவளுக்குத்தான் வரி விழுந்திருக்கு. நான் ஓரவஞ்சனை செய்ததா மூத்தவளுக்கு மனத்தாங்கல்" என்றார்.

இவ்வழக்கின் தீர்ப்பு 1909 ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது! அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட மரபு விதிகளை 1900 இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தோருள் ஒருவரான ஜெர்மானிய அறிஞர் கார்ல் கொரென்ஸ், இதே அந்திமந்தாரையை ஆராய்ந்தார். சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூப்பதுண்டு. அந்நிறத்தில் தாய்க்கும் தந்தைக்கும் பங்குண்டு. இலையின் வரியோ அவ்வாறன்று. பச்சைக் கிளையின் விதை, எந்த மகரந்தம் பட்டாலும், பச்சை நாற்றையே தந்தது. வெள்ளைக் கிளையின் விதை வெள்ளை நாற்றைத் தந்தது. பச்சையமின்றி உணவு சமைக்க வகையற்ற அந்நாற்று, விதையின் சேமிப்புத் தீர்ந்ததும் மடிந்தது. வரிக் கிளையின் விதைகளிலோ மூவகையும் கணக்குக்கு அடங்காமல் கலந்து பிறந்தன. பச்சையத்தைத் தாங்கும் நுண்ணிய பசுங்கணிகங்கள் இச்செடியில் தாயின் சூல்முட்டை வழியாகவே பிள்ளைக்குச் செல்கின்றன. மகரந்தம் அவற்றைக் கொண்டுவருவதில்லை.

பாட்டியார் கிளை பார்த்துப் பறிக்கவில்லை. கைக்கு எட்டியதைப் பறித்திருக்கிறார். அவ்வளவே.

அமெரிக்காவில் நிழல் தோட்டங்களை அழகுசெய்யும் ஹோஸ்டாச் செடியிலும் இதுவே வழக்கம். ஒழுங்கற்ற வரியோடிய செடி பார்வைக்குச் சுமாராயிருப்பினும், புதுவகை உண்டாக்குவோர் அதையே தாயாகக் கொள்வர்.

இது அழகுக்கு மட்டும் உரிய செய்தியன்று. மகரந்தம் மலடாகும் ஒரு குணமும் தாய்வழியே வருவது. அக்குணமுள்ள 'டிஃப்ட் 23 ஏ' என்னும் அமெரிக்கக் கம்பைத் தாயாக்கி, 1965 இல் நம் நாட்டில் எச்.பி.1 என்ற வீரியக் கம்பு வெளியிடப்பட்டது. விளைச்சல் பெருகிற்று. அத்தாயைக் கொண்டே வேறு சில வீரிய இரகங்களும் பிறந்தன. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது அக்கம்பு வயல்கள் பெரிதும் பாழாயின. ஒரே தாயை நம்பியிருப்பதில் இப்படியும் ஓர் ஆபத்து உண்டு.

பாட்டியாரிடம், வரியோடிய கிளையில் நூல் கட்டி அடையாளமிட்டு, அதன் விதைகளை மட்டும் சேர்க்கச் சொன்னோம். ஒரு பூவுக்கு ஒரு விதைதான். ஆகவே பொறுமை வேண்டும். மிளகு போலிருக்கும் அவ்விதை நஞ்சுடையது. குழந்தைகள் வாயிலிடாமல் காக்கவேண்டும். முளைப்பவற்றுள் சில வெளுத்து மடியும், அதற்காக வருந்த வேண்டாம் என்றும் கூறினோம்.

உள்ளே சென்று சிவப்பு நூல்கண்டுடன் திரும்பினார். "இந்தத் தடவை மூத்தவளுக்கு நானே கொண்டுபோய் ஊன்றிக் கொடுத்துட்டு வாறேன்" என்று சொல்லிக்கொண்டே நூலை முடிச்சிடத் தொடங்கினார்.