மூலத்தைக் காத்தல்

அச்சு வருவதற்கு முன் நூல்கள் ஓலையில் படியெடுக்கப்பட்டன. ஏடெழுதுவோர் ஓர் எழுத்தைப் பிழையாகப் படித்தால், அப்பிழை அடுத்த படியிலும் தொடர்ந்தது. பாடவேறுபாடுகள் பல இவ்வாறு தோன்றியவையே. உ.வே. சாமிநாதர் பல சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கிப் பதிப்பித்தது இதனால்தான்.

இன்று சுவடிகளை எண்ணிம ஒளிப்படங்களாக எடுத்துக் காக்கிறோம். ஆயினும், கோப்பு வடிவத்தைக் கருதாமல் சேமித்தால் பழைய இடர் புதிய உருவில் வந்து சேரும்.

கோப்பு வடிவங்கள்

1992ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்ட ஜேபெக் வடிவம் எங்கும் வழங்குவது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுண்விவரங்களை நீக்கிவிடும். அதனால் கோப்பு சிறிதாகும், அனுப்புவதும் எளிதாகும். ஆனால், நீங்கிய விவரம் மீளாது. அக்கோப்பை வெறுமனே நகலெடுப்பதால் இழப்பில்லை. திருத்தி மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்கும்போதெல்லாம் இழப்பு பெருகும். படிதோறும் பிழை வளர்ந்த ஏட்டின் கதை இதுவன்றோ?

'ரா' எனப்படும் மூலக்கோப்பு, கேமராவின் உணரி பெற்ற ஒளியளவுகளைப் பதிந்து வைக்கும். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிநிலைகளையே கொள்ளும். 14 பிட் மூலக்கோப்பு 16,384 நிலைகளைக் கொள்ளும். கறுத்த ஓலையில் மங்கிய கீறலைப் பின்னர்த் தெளிவாக்க இவ்வேறுபாடு உதவும். மூலக்கோப்பின் அமைப்பு கேமரா நிறுவனத்துக்கேற்ப மாறுவதால், நெடுங்காலப் பாதுகாப்புக்குப் பல ஆவணக் காப்பகங்கள் இழப்பின்றிச் சேமிக்கும் டிஃப் வடிவத்தைக் கையாள்கின்றன. அதன் கோப்பு பெரிது. இடமும் மிகுதியாக வேண்டும்.

திருத்தும் மென்பொருள்கள்

லைட்ரூம், டார்க்டேபிள் ஆகியவை மூலக்கோப்பைத் தொடுவதில்லை. நாம் செய்யும் திருத்தங்களைக் குறிப்புகளாகத் தனியே வைத்துக்கொள்ளும். எனவே, எப்போது வேண்டினும் தொடக்கநிலைக்குத் திரும்பலாம். டார்க்டேபிள் கட்டணமின்றிக் கிடைப்பது. போட்டோஷாப், கிம்ப் போன்றவை படப்புள்ளிகளையே மாற்ற வல்லவை. அவற்றில் பணிபுரியும்போது படியொன்றை எடுத்து, அதில் திருத்துவதே முறை. கிம்ப்பும் கட்டணமற்றது.

திருத்தத்திற்கும் ஓர் எல்லை உண்டு. ஒளியைக் கூட்டி எழுத்தைத் தெளிவாக்கலாம். சிதைந்த எழுத்தை நாமே வரைந்து நிரப்பலாகாது. அவ்வாறு நிரப்பினால் ஆவணம் பொய்யாகிவிடும்.

நாம் செய்ய வேண்டுவது

உங்கள் ஊர் நடுகல்லையோ, வீட்டிலுள்ள பழங்கடிதத்தையோ நீங்களும் படமெடுக்கலாம். சில திறன்பேசிகளிலும் மூலக்கோப்பாகப் பதியும் வசதி உண்டு. இல்லையெனில், எடுத்த ஜேபெக் கோப்பைத் திருத்தாமல் இரண்டு இடங்களில் சேமியுங்கள். படியில் மட்டும் திருத்துங்கள். பகிர்வதற்குச் சிறிய கோப்பைப் பயன்படுத்துங்கள். கல்லும் தாளும் நாளடைவில் தேயும். அப்போது அவற்றைப் படிக்க முயல்வோருக்கு இன்று நாம் காத்த மூலமே சான்றாக நிற்கும்.