தொலைவிலிருக்கும் கணினியும் சுணக்கமின்றி எழுதும் வழியும்

திருகோணமலைத் துறைமுகம் கிழக்கு நோக்கியது. சிங்கப்பூரும் நமக்குக் கிழக்கேதான் இருக்கின்றது. ஆயினும், நமது நகரத்து மாணவர் ஒருவர் சிங்கப்பூரிலுள்ள கணினி ஒன்றில் ஓர் எழுத்தைப் பதிப்பாராயின், அவ்வெழுத்து கொட்டியாரக் குடாவைக் கடந்து நேரே கிழக்கே செல்வதில்லை. முதலில் அது தீவைக் குறுக்கறுத்துக் கொழும்புப் பக்கமோ மாத்தறைப் பக்கமோ ஓடுகின்றது. நாடு கடக்கும் கடலடிக் கம்பிகள் கரையேறுவது அங்கேதான். அங்கிருந்து மீண்டும் கிழக்கே திரும்பிச் சிங்கப்பூரை அடைந்து, அங்குள்ள கணினி அதனை ஏற்றுக்கொண்ட பின்பு, வந்த வழியே திரும்பி வந்து நமது திரையில் தோன்றுகின்றது. ஓர் எழுத்துக்கு இவ்வளவு பிரயாணம்!

சிங்கப்பூர்க் கணினியில் நமது பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். இன்று இணையத்தளங்களும் கணக்கேடுகளும் ஆய்வுத் தரவுகளும் பெரும்பாலும் இருப்பது நமது மேசைமேலுள்ள பெட்டியில் அன்று. எங்கோ குளிரூட்டிய மண்டபங்களில் வாடகைக்கு விடப்படும் சேவையகங்களிலேயாம். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கும், உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு உழைக்கும் இளைஞருக்கும் அத்தகைய கணினிகளிலுள்ள கோப்புகளைத் திறந்து திருத்துவது அன்றாட வேலை. தட்டிய எழுத்து தோன்றச் சற்றுச் சுணங்கினால் கை தடுமாறும். தடுமாறிய கை பிழை விடும். பிழையை அழிக்கத் தட்டியதும் சுணங்கியே வந்து சேரும். சில மாதம் இத்தொல்லையை அனுபவித்தவர், "இந்த வேலையைக் கொழும்பிலிருந்துதான் செய்யலாம்" என்று தீர்மானித்து வெள்ளவத்தையில் அறை தேடுகின்றார். அவ்வாறு ஊரை விட்டுப் போனோரை நாம் அறிவோம். அவர்களுட் பலருக்கு அந்த இடமாற்றம் தேவைப்பட்டதன்று என்பதே நமது எண்ணம்.

கணக்கைப் பார்ப்போம். கண்ணாடி இழையினூடே ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். திருகோணமலையிலிருந்து கொழும்பு வீதி வழியே சுமார் 260 கிலோமீற்றர். போய் வருவதற்கு மூன்று மில்லிசெக்கனும் வேண்டியதில்லை. செக்கனை ஆயிரம் கூறாக்கி, அதில் மூன்று கூறு. சிங்கப்பூருக்குப் போய் வர முப்பது மில்லிசெக்கனுக்குக் குறையாது. அமெரிக்காவின் கீழ்க்கரைக்கோ தூரம் மட்டுமே நூற்றைம்பது மில்லிசெக்கனை விழுங்கிவிடும். இடைச் சந்திகளிற் காத்து நிற்பதும் சேர்ந்து கால் செக்கனாவது வழமை. ஆகவே அமெரிக்கக் கணினியில் எழுதும் இளைஞர் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்வதால் மிச்சம் பிடிப்பது அந்த மூன்று மில்லிசெக்கனைத்தான். வீட்டில் கைத்தொலைபேசி அலை தள்ளாடுமாயின் அது வேறு கதை. அதற்குக் கம்பியிணைப்பு எடுப்பதே பரிகாரம்.

கூடிய பணம் கட்டி "வேகமான" இணைப்பு எடுத்தாற் சரியாகிவிடும் என்பது அடுத்த மயக்கம். இறங்குதுறையிலிருந்து மூதூருக்கு ஒரு கடிதத்தை எழுத்தெழுத்தாக வள்ளத்தில் அனுப்பி, ஒவ்வோர் எழுத்துக்கும் "கிடைத்தது" என்ற மறுமொழி வந்த பின்னரே அடுத்த எழுத்தைத் தீட்டும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு வள்ளத்துக்குப் பதிலாகப் பெருங் கப்பலையே கொடுத்தாலும் கடிதம் விரைந்து முடியாது. கப்பல் அதிகம் சுமக்கும், கடலைச் சுருக்காது. விற்பனைக்காரர் சொல்லும் வேகம் கப்பலின் கொள்ளளவு. நம்மைத் துன்புறுத்துவது கடலின் அகலம். எனவே, பிரயாணங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி.

இதனை முன்னரே உணர்ந்தவர்கள் உளர். 1976ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய், "வி.ஐ." என்னும் எழுத்துத் திருத்தியை ஆக்கினார். அவர் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே வேலை செய்த இணைப்பு செக்கனுக்கு முப்பது எழுத்துகளையே கடத்தும். இருபத்துநான்கு வரியும் வரிக்கு எண்பது எழுத்தும் கொண்ட திரை ஒருமுறை நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் செல்லும்! ஆதலால் இரண்டு தட்டில் ஒரு வரியை அழிக்கவும், ஒரு தட்டில் ஒரு சொல்லைத் தாண்டவும் அவர் வகை செய்தார். அத்திருத்தியோ அதன் வழித்தோன்றலோ இல்லாத லினக்ஸ் சேவையகத்தை இன்றும் காண்பது அரிது. மாணவர் அதன் கட்டளைகளைக் கண்டு முகஞ் சுளிப்பதுண்டு. இந்த வரலாற்றைச் சொன்ன பின் அவ்வளவு சுளிப்பதில்லை.

தொலைக் கணினிக்குள் காவலோடு புகும் வாயில் எஸ்.எஸ்.எச். எனப்படும். பின்லாந்து நாட்டுத் தாத்து இல்லோனன் 1995இல் அதனை இயற்றினார். காவல் சிறந்தது, ஆனால் எழுத்து போய்த் திரும்பும் வரை திரை காத்திருக்கும். இக்குறையைப் போக்க 2012இல் "மொஷ்" என்னும் கருவி வந்தது. ஆக்கியோர் மசச்சூசற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கீத் வின்ஸ்ரைனும், சென்னை ஐ.ஐ.ரி.யிற் பயின்ற பேராசிரியர் ஹரி பாலகிருஷ்ணனும் ஆவர். நாம் தட்டியதற்குத் தொலைக் கணினி என்ன விடை தரும் என்று மொஷ் முன்கூட்டியே ஊகித்து உடனே திரையில் இடுகின்றது. ஐயமான இடத்தில் அடிக்கோடிட்டுக் காட்டி, உண்மை விடை வந்ததும் கோட்டை நீக்குகின்றது. அவர்கள் தமது ஆய்வில் நாற்பது மணி நேரப் பாவனையை அளந்து, நூற்றுக்கு எழுபது தட்டுகளை இவ்வாறு உடனடியாகக் காட்ட முடிந்ததென எழுதியுள்ளனர். கைத்தொலைபேசி இணைப்பொன்றில் இடைநிலைத் தாமதம் 503 மில்லிசெக்கனிலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்கியதாம். மொஷ் இரு முனையிலும் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். சில வலையமைப்புகளின் காவலரண் அதனைத் தடுத்துவிடுவதும் உண்டு.

இன்னொரு வழி, கோப்பை நமது கணினிக்கே கொண்டுவந்து திருத்தி, மாறிய பகுதியை மட்டும் திருப்பி அனுப்புவது. அவுஸ்திரேலியாவின் அன்ரூ திரிஜெல், போல் மக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட "ஆர்சிங்க்" இதற்கே உரியது. பழைய பிரதி இருக்குமிடம் அதனைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு அடையாள எண்ணைக் கணித்து அனுப்பும். புதிய பிரதி இருக்குமிடம் ஒப்புநோக்கி, பொருந்தாதவற்றை மட்டும் அனுப்பும். தரவுக்குப் பணம் எண்ணிக் கட்டும் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே கோப்பை இருவர் திருத்துவராயின் "கிற்" போன்ற பதிப்பேட்டுக் கருவி அவசியம். அன்றேல் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே அழித்துவிடுவார்.

இவ்விரு வழிக்கும் நடுவானது, 2019இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தனது "விசுவல் ஸ்ரூடியோ கோட்" திருத்தியில் சேர்த்த வசதி. திருத்தி இரண்டாகப் பிளந்து நிற்கும்: எழுதும் திரை நம்மிடம், கோப்பைத் தேடிப் படிக்கும் பாதி தொலைக் கணினியில். எழுதுவது சுணங்காது. ஆனால் அப்பாதி நினைவகத்தைத் தாராளமாக உண்ணும். மலிவு வாடகைச் சேவையகம் மூச்சுத் திணறிப்போம். தொலைக் கோப்புறையை உள்ளூர்க் கோப்புறைபோற் காட்டும் "எஸ்.எஸ்.எச்.எவ்.எஸ்." ஒன்றிரண்டு கோப்புக்கு நன்று, ஆயிரம் கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் ஆயிரமும் கடல் கடந்து வரவேண்டும்.

தமிழ் எழுதுவோருக்கு ஒரு சொல். ஒருங்குறியின் வழமையான குறிமுறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று. நமது "கோ" என்ற எழுத்துக்கோ ஆறு. அது பெருஞ் சுமையன்று. ஆனால் பல முனையத் திரைகள் கொம்பையும் காலையும் தனியெழுத்தாக எண்ணிச் சுட்டியை இடம் பிசகவைக்கின்றன. தமிழ்க் கோப்பை உள்ளூரில் திருத்தி அனுப்புவதே உசிதம்.

மின்வெட்டைப் பற்றியும் கூறியாக வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்தது. தொலைக் கணினியில் "ரி-மக்ஸ்" என்னும் சிறு கருவியைத் திறந்து அதனுள் வேலை செய்பவருக்கு, இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே திறந்த கோப்பு திறந்தபடியே இருக்கும். மின்சாரம் மீண்டதும் உள்நுழைந்து, விட்ட வரியிலிருந்தே தொடரலாம்.